ஏ.ஐ. பாடத்தின் முதல் அத்தியாயத்தில் வருபவர்: யார் இந்த ஆலன் டூரிங்?

கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு அறிமுகப் பாடம் படித்தவர்களுக்கு ஆலன் டூரிங் பெயர் பழக்கமானதுதான். பல நாடுகளில் பாடநூலாக இருக்கும் ரஸ்ஸல் - நார்விக் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே 'டூரிங் சோதனை' வந்துவிடும். ஒருவர் எழுத்து மூலம் கேள்வி கேட்பார். பதில் சொல்வது மனிதரா, இயந்திரமா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் இயந்திரம் பாஸ். இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும். ஆனா, டூரிங் எழுதியதில் முக்கியமான ஒரு பகுதி இந்த இரண்டு மார்க்குக்குள் வராது. இயந்திரத்துக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பதுதான் அது.

போத்தனூர் தொடர்பு

1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார் டூரிங். அப்பா ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா ஈதெல் சாரா பிறந்தது நம்ம போத்தனூரில். அம்மாவின் அப்பா ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். பெற்றோர் இந்தியாவில் இருந்ததால் ஆலனும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்கள்.

விதிகளை எழுதிக் கொடுத்தால் எந்தக் கணக்கீட்டையும் செய்யக்கூடிய ஒரு கற்பனை இயந்திரத்தை 1936-ல் அவர் விவரித்தார். கணினி அறிவியலின் அடித்தளமே அதுதான். 1939-ல் கேம்பிரிட்ஜில் கணிதத்தின் அடிப்படைகள் பற்றி வகுப்பு எடுத்தார். அதே தலைப்பில் விட்கென்ஸ்டைன் நடத்திய வகுப்பில் போய் உட்கார்ந்து வாதமும் செய்தார். போர் வந்ததும் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலை. அதைப் பற்றி வெளியில் மூச்சுவிட முடியாது.

குழந்தையிலிருந்து தொடங்கலாம்

போருக்குப் பிறகு இயந்திர அறிவு பற்றி 1948-ல் ஒரு அறிக்கை எழுதினார். அவருடைய ஆய்வகத்தின் தலைவர், இயற்கை அறிஞர் டார்வினின் பேரன். அவருக்கு அறிக்கை பிடிக்கவில்லை. டூரிங் உயிரோடு இருந்தவரை அது வெளியாகவே இல்லை.

1950-ல் 'மைண்ட்' இதழில் வந்த கட்டுரையில் அந்த யோசனையை விரித்தார். வளர்ந்த மனிதரின் மூளையை அப்படியே நிரலாக எழுதுவது பெரும்பாடு. அதற்குப் பதிலா ஒரு குழந்தையின் மனதை உருவாக்கிப் பாடம் சொல்லிக்கொடுக்கலாமே என்பது அவர் வாதம். சரியாகச் செய்தால் பரிசு, தப்பினால் தண்டனை. இன்றைய வகுப்புகளில் 'வலுவூட்டல் கற்றல்' என்ற பெயரில் நடத்தப்படுவது இந்த வழிதான். கண், கால் இல்லாத இயந்திரம் எப்படிக் கற்கும் என்று கேட்பவர்களுக்கு ஹெலன் கெல்லரை உதாரணம் காட்டினார்.

இன்னொன்றையும் அன்றே சொல்லிவிட்டார். கற்றுக்கொண்ட இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது, சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கே பெரும்பாலும் தெரியாது. நியூரல் நெட்வொர்க்குகளை உருவாக்குபவர்கள் இன்று மல்லுக்கட்டுவது இதே சிக்கலோடுதான்.

பேர் வைக்கும் முன்பே மறைவு

1952-ல் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றி போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணையில் அவர் ஓர் ஆணுடன் உறவில் இருந்தது தெரியவந்தது. அன்றைய பிரிட்டன் சட்டப்படி அது குற்றம். சிறைக்குப் பதிலா ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். அரசின் ரகசியப் பணிக்கான அனுமதியும் போனது. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. தவறுதலாக நடந்தது என்றே அம்மா நம்பினார்.

இந்தத் துறைக்கு 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயர் நிலைத்தது 1956 டார்ட்மவுத் கூட்டத்தில்தான். அதனால், ஏ.ஐ. என்ற பெயரில் அவர் ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. 2009-ல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம் வந்தது.

டூரிங் சோதனையில் எதிரில் இருப்பது யார் என்று பார்க்கக் கூடாது. பதிலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்த விதியை எழுதியவரை நீதிமன்றம் அப்படி மதிப்பிடவில்லை. ஏ.ஐ. படிக்கும் மாணவர்கள் அந்த 1950 கட்டுரையையே ஒருமுறை எடுத்துப் படிக்கலாம். கணிதம் அதிகம் இல்லை. இயந்திரத்துக்குக் கற்பிப்பது பற்றிய பகுதி கடைசியில் இருக்கிறது.