கவற்றுக்குக் கணக்கெழுதிய வைத்தியர்

முந்தலுக்கு அணித்தேயுள்ள உடப்பிலே திரௌபதை அம்மனுக்கு ஆண்டுதோறும் விழா நிகழ்கின்றது. ஆதலின், தருமன் கவறாடி நாடும் தம்பியரும் மனைவியும் இழந்த கதையை அறியாத சிறுவரை இக்கரையிற் காண்டல் அரிது. நளன் கதையும் நம்மவர்க்குப் புதிதன்று. வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். சூதிற் பெறும் வெற்றியை, தூண்டிலை இரையென்று கருதி மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டார். கடலுக்கும் களப்புக்கும் இடையே வாழும் எங்கள் மாணவர்க்கு அவ்வுவமைக்கு உரை கூற வேண்டியதில்லை.

ஆயினும், சூது தீது என்று கூறுதல் ஒன்று; அஃது எவ்வாறு தீதாகின்றது என்பதை எண்ணிக் காட்டுதல் மற்றொன்று. முன்னதை நம் முன்னோர் குறைவறச் செய்தனர். பின்னதை நூலாக எழுதத் துணிந்தவர் இத்தாலிய நாட்டு வைத்தியர் ஒருவர். கைத்தொலைபேசித் திரையில் ‘இருபத்தொன்று’ என்னும் சீட்டாட்டத்தைக் கண்ட மாணவர் சிலர், அதனை வெல்லும் முறை உண்டோ என்று என்னை வினவிய நாள்முதல் அவ்வைத்தியரின் வாழ்க்கை என் நினைவில் நின்றது. அவர் பெயர் ஜிரோலாமோ கார்டானோ.

கார்டானோ 1501 செப்டெம்பர் 24இல் பாவியா நகரிற் பிறந்தார். தந்தை பாசியோ மிலான் நகரத்து வழக்கறிஞர், கேத்திரகணிதத்தில் வல்லவர். லியொனார்டோ டா வின்சியே அத்துறையில் அவரை உசாவியதுண்டு. பெற்றோர் மணம் புரியாத நிலையிற் பிறந்த பிள்ளை என்ற பழி கார்டானோவைப் பலகாலம் தொடர்ந்தது.

பாவியாவிலும் பாதுவாவிலும் அவர் வைத்தியம் பயின்றார். 1524இல் தந்தை இறந்தார். கிடைத்த சிறு பொருள் விரைவிற் கரைந்தது. அதன்பின் அவருக்குச் சோறிட்டவை கவறும் சீட்டும் சதுரங்கமுமே. பிறர் அதிட்டம் என்று நம்பியதை அவர் எண்ணிப் பார்த்தார். அதனால் தொடக்கத்தில் வெற்றி பெரிதும் அவர் பக்கமே இருந்தது. ஆனால் வெற்றி அவரை விடவில்லை. சதுரங்கத்தில் நாற்பது ஆண்டுக்கு மேலும் கவற்றில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டும் கழித்ததாக முதுமையில் அவரே நாணத்துடன் எழுதிவைத்தார்.

வெனிஸ் நகரிற் செல்வர் ஒருவர் இல்லத்தில் சீட்டாடிய கதை அவர் இயல்பை நன்கு விளக்கும். கையிருந்த பொருளையெல்லாம் இழந்தபின், சீட்டுகள் களவாக அடையாளமிடப்பட்டவை என்று கண்டுகொண்டார். சினம் பொங்கியது, குறுவாளால் அச்செல்வரின் முகத்திற் கீறிவிட்டு வெளியேறினார். அன்றிரவே இருளிற் கால் தவறி நீரில் வீழ்ந்தார். அவரைத் தூக்கியெடுத்த படகிலே, முகத்திற் கட்டுடன் அமர்ந்திருந்தவர் அதே செல்வர்! அவரோ பகை பாராட்டாது மாற்றுடை தந்தார்.

1531இல் லூசியா என்னும் மங்கையை மணந்தார். மிலான் வைத்தியர் சங்கம் பிறப்பைக் காட்டி அவரை ஏற்க மறுத்தது. தொழிலில்லை, சூதோ விடவில்லை. மனைவியின் நகைகளும் வீட்டுத் தட்டுமுட்டுகளும் அடகுக்குச் சென்றன. ஈற்றில் குடும்பம் மிலான் நகரத்து ஏழையர் விடுதியை அடைந்தது. எண்ணத் தெரிந்தவர்தாம் இவ்வாறு வீழ்ந்தார் என்பதை வாசகர் மனங்கொள்க.

அந்நிலையினின்றும் அவரை மீட்டது கல்வியே. தந்தையார் வகித்த கணித விரிவுரைப் பதவி அவருக்குக் கிட்டியது. 1539இல் வைத்தியர் சங்கமும் கதவு திறந்தது. 1545இல் வெளியான ‘ஆர்ஸ் மாக்னா’ என்னும் நூல் முப்படி, நாற்படிச் சமன்பாடுகளின் தீர்வை உலகுக்கு அளித்தது. வெளியிடேன் என்ற உறுதியின்மேல் தாம் சொன்ன முறையை வெளியிட்டுவிட்டார் என்று தார்த்தாலியா என்னும் கணிதர் பெரும்பகை கொண்டார். 1552இல் ஸ்கொட்லாந்துப் பேராயர் ஜோன் ஹமில்டனின் தொய்வு நோய்க்கு மருத்துவம் செய்ய அழைக்கப்பட்டார். இறகு மெத்தையை அகற்றச் செய்தமை அம்மருத்துவத்தின் ஒரு கூறு.

இப்புகழ் நிலைக்கவில்லை. மூத்த மகன் தன் மனைவிக்கு நஞ்சிட்ட குற்றத்துக்காக 1560இல் கொலைத்தண்டனை பெற்றான். தந்தை உள்ளம் உடைந்து மிலானை விட்டகன்று பொலோஞாவிற் பேராசிரியரானார். 1570இல் சமயப் பிறழ்ச்சிக் குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டனர். சில மாதங்களில் விடுத்தனர். இறுதி ஆண்டுகளை உரோமையிற் கழித்து, தன் வரலாற்றை எழுதி, 1576இல் மறைந்தார். சூதைப் பற்றிய அவருடைய சிறுநூல் அச்சேறாமல் ஏட்டிலேயே கிடந்தது. 1663இல் லியோன் நகரில் அவருடைய நூல்கள் அனைத்தும் தொகுக்கப்பட்டபோதே அது வெளிவந்தது. அதற்குள் 1654இல் பாஸ்காலும் பெர்மாவும் கடிதவாயிலாக நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிகோலிவிட்டனர். முதலில் நடந்தவரின் சுவடு பின்னரே கண்ணிற்பட்டது.

அச்சிறுநூலின் சாரம் யாது? சூதின் அடிப்படை சமநிலை என்பது முதற்கருத்து. கவறும், பணயமும், ஆடுவோரும், ஆடுமிடமும் இருவர்க்கும் ஒத்திருத்தல் வேண்டும். எவ்வளவுக்கு அது பிறழ்கின்றதோ, அவ்வளவுக்கு ஒருவன் பேதையாவான், அல்லது மற்றவன் நேர்மையற்றவனாவான். இரண்டாவது, நிகழக்கூடிய வகைகளையெல்லாம் எண்ணி, அவற்றுள் வேண்டிய வகைகள் எத்தனையென்று காணல். இரு கவறுகளுக்கு 36 வகை, மூன்றுக்கு 216. அவரும் ஓரிடத்தில் வழுக்கினார்: ஆறு முகமுள்ள கவற்றை மூன்று முறை உருட்டினால் வேண்டிய முகம் விழுதற்குச் சரிபாதி வாய்ப்பு என்றார். உண்மையில் அது 216இல் 91; நூற்றுக்கு 42 அளவே. பின்னர்ப் பெருக்கல் முறையை அவரே தேடிக் கண்டு நெறிப்பட்டார்.

கவறு வெளிப்படையானது, சீட்டோ பதுங்கியிருந்து தாக்குவது என்றும் அவர் வேறுபடுத்தினார். கடதாசி விளையாட்டு என்று நம்மவர் வழங்கும் சீட்டாட்டத்தில் ‘முந்நூற்று நான்கு’ ஆடுவோர் இதனை எளிதில் உணர்வர். ஓரினத்து எட்டுச் சீட்டுக்கு 76 புள்ளி, நான்கினத்துக்கு 304. விழுந்த சீட்டுகளை நினைவிற் கொள்பவனே அதில் வல்லவன்.

இனி இருபத்தொன்றுக்கு வருவோம். செர்வாந்தேஸ் 1613இல் வெளியிட்ட கதையொன்றில் இவ்வாட்டத்தின் ஸ்பானிய மூதாதை குறிக்கப்படுகின்றது. அதன் விதி எளிது. கைச்சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் அதனை நெருங்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக் ஒவ்வொன்றும் 10. ஆசு 1 அல்லது 11. ஆட்டம் நடத்துவோன் 16 வரை எடுத்தே தீர வேண்டும், 17இல் நிற்பான். அவன் சீட்டுகளுள் ஒன்று மட்டும் நம் கண்ணுக்குத் தெரியும். சூழ்ச்சி எங்கேயெனில், நாம் முதலில் ஆடுகின்றோம். நாம் 21ஐத் தாண்டினால் அக்கணமே பணயம் போயிற்று. பின்னர் அவனும் தாண்டினாலும் அது மீளாது. கார்டானோ கூறிய சமநிலை இங்கேயே உடைகின்றது.

அவர் காட்டியவாறு எண்ணுவோம். கையில் 12 உள்ளவன் மேலும் ஒரு சீட்டெடுத்தால், பத்து மதிப்புடைய சீட்டு மட்டுமே அவனைக் கெடுக்கும். முழுக்கட்டைக் கொண்டு எண்ணினால் 52இல் 16. கையில் 16 உள்ளவனை 6 முதல் ராஜா வரை எதுவும் கெடுக்கும், 52இல் 32. இவ்வழியில் எல்லா நிலைகளையும் எண்ணி முடித்தவர்கள் பால்ட்வின், கான்டி, மைசெல், மக்டெர்மொட் என்னும் நால்வர். அமெரிக்கப் படையிற் பணியாற்றிய அவர்கள் மேசைக் கணக்கு இயந்திரங்களைக் கொண்டு கண்ட முடிவுகளை 1956இல் வெளியிட்டனர். எதிரி 4, 5, 6 காட்டினால் 12இலும் நிற்க. 7 அல்லது அதற்கு மேல் காட்டினால் 17 வரும்வரை எடுக்க. இரட்டை ஆசையும் இரட்டை எட்டையும் பிரித்தாடுக. இரட்டைப் பத்தைப் பிரியற்க. இவை போல்வனவே அடிப்படை முறை.

மாணவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கே உள்ளது. எதிரி 10 காட்டுகையில் கையில் 16 உள்ளவன் நின்றாலும் பெரும்பாலும் தோற்பான். எடுத்தாலும் பெரும்பாலும் தோற்பான். எடுத்தால் தோல்வி சற்றே குறையும். ஆகவேதான் எடுக்கச் சொல்கின்றது முறை. அடிப்படை முறை முழுவதும் தோல்வியைச் சுருக்கும் கலையேயாம். நல்விதிகளுள்ள மேசையிலும் நூற்றுக்கு அரை ரூபா அளவில் நடத்துவோன் பங்கு நிலைத்திருக்கும். 1962இல் எட்வர்ட் தோர்ப் என்னும் கணிதர், விழுந்த சீட்டுகளை எண்ணி அப்பங்கையும் வெல்லலாம் என்று நூலெழுதினார். சூதுமனைகள் கட்டுகளைப் பெருக்கியும் அடிக்கடி கலைத்தும் அவ்வழியையும் இடுக்கின.

ஆடாமையே ஆட்டத்தின் மிகப்பெரிய ஆதாயம் என்பது கார்டானோவின் முடிபு. அறத்தால் வள்ளுவர் சென்ற இடத்துக்கே எண்ணால் அவரும் சென்றடைந்தார். ஆயினும் அம்முடிபு மனைவியின் நகையை மீட்கவில்லை. எண் அவருக்கு உண்மையைக் காட்டிற்று. மனத்தை அடக்கும் வலிமையை அது தரவில்லை. நளன் கதையிலும் இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையைக் கற்றபின்பே கலி நீங்குகின்றது. ஆனால் அதற்குமுன் அவன் காட்டிலே நெடுநாள் அலைந்து தேற வேண்டியிருந்தது.

ஆகவே ஆசிரியர்களுக்கு யான் விண்ணப்பிப்பது இது. சூது என்னும் அதிகாரத்தை நடத்தும் நாளில் வகுப்பிற்கு ஒரு கவற்றையும் கொண்டுசெல்க. மும்முறை உருட்டினால் ஆறு விழுமா என்று மாணவர் நூறு தடவை சோதித்துக் கரும்பலகையிற் குறிக்கட்டும். பாதி என்று நம்பிய உள்ளம் நாற்பத்திரண்டை அண்டிய எண்ணைக் கண்டு திகைக்கும். அத்திகைப்பின் மேல் குறளைச் சொல்லுக. அது வெறும் மனனமாய்க் கழியாது, மனத்தில் தைத்து நிற்கும்.