சார்லஸ் டோனோவன்

சார்லஸ் டோனோவன் (செப்டம்பர் 19, 1863 - அக்டோபர் 29, 1951) சென்னையில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் ஆவார். கல்லீரலையும் மண்ணீரலையும் வீங்கச் செய்யும் காலா அசார் (கருங்காய்ச்சல்) நோயின் ஒட்டுண்ணியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். அவ்வொட்டுண்ணி லெய்ஷ்மேனியா டோனோவானி என அழைக்கப்படுகின்றது.

வாழ்க்கை

கல்கத்தாவில் பிறந்தார். தந்தை நீதிபதி. 13 வயதில் அயர்லாந்திலுள்ள பாட்டனாரிடம் அனுப்பப்பட்டு, அங்கேயே பயின்று 1889 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1891 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1898 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியரானார்; அரசு பொது மருத்துவமனையிலும் நோயாளிகளைக் கவனித்து வந்தார்.

கண்டுபிடிப்பு

இராயபுரத்துக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டி அமைந்த ஜார்ஜ் டவுன், அக்காலத்தில் காலா அசார் நிலைகொண்டிருந்த நெருக்கமான குடியிருப்புப் பகுதியாகும். நீண்ட காய்ச்சலும் வயிற்று வீக்கமுமாக வந்தவர்களுக்கு நாட்பட்ட மலேரியா என்றே கருதிக் கொயினா கொடுக்கப்பட்டது. அதனால் பயன் விளையவில்லை.

1903 ஏப்ரலில், இறந்த ஒருவரின் மண்ணீரலில் நுண்ணிய முட்டை வடிவ உடலங்களை டோனோவன் கண்டார். அதே ஆண்டு மே மாதத்தில், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம்மில் பணியாற்றி இங்கிலாந்தில் இறந்த படைவீரர் ஒருவரின் உடலில் இத்தகைய உடலங்களைக் கண்டதாக வில்லியம் லெய்ஷ்மன் அறிவித்தார். அவை சிதைந்த டிரிப்பனோசோமாக்கள் என்பது லெய்ஷ்மனின் ஊகம்.

ஜூன் 17 அன்று, உயிருடன் இருந்த சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த குருதியிலும் அதே உடலங்களை டோனோவன் கண்டார். இதனால் அவை இறப்பிற்குப் பின் தோன்றும் சிதைவு அல்ல என்பது தெளிவாயிற்று. தமது கண்ணாடித் தகடுகளைப் பாரிசில் இருந்த லாவரானுக்கும் லிவர்ப்பூலில் இருந்த ரொனால்ட் ராசுக்கும் அனுப்பினார். முதலில் கண்டவர் யார் என்ற சர்ச்சை எழுந்தது. இது புதிய உயிரி எனக் கருதிய ராஸ், 1903 நவம்பரில் இருவர் பெயரையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார்.

1905 இல், அரையிடுக்குப் பகுதியில் புண்ணை உண்டாக்கும் ஒரு பால்வினை நோயின் நுண்ணுயிரியையும் டோனோவன் சென்னையிலேயே கண்டறிந்தார். அந்நோய் டோனோவனோசிஸ் எனப்படுகின்றது.

பிற்காலம்

1911 இல் தொடங்கப்பட்ட இராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளராகவும் இருந்தார். பட்டாம்பூச்சிகளில் ஈடுபாடு மிக்க அவர், அயர்லாந்தின் பட்டாம்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றிய பட்டியலை 1936 இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் குளொஸ்டர்சயரில் காலமானார்.

முக்கியத்துவம்

ஒட்டுண்ணியை நோயாளியின் உடலிலிருந்தே எடுத்துக் காண முடிந்ததால் காலா அசாரை மலேரியாவிலிருந்து பிரித்தறிய வழி பிறந்தது. உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களில் யூரியா ஸ்டிபமைன் மருந்தை அளித்த பின்னரே பெருமளவில் உயிர்கள் காக்கப்பட்டன. மணல் ஈக்களே நோயைப் பரப்புகின்றன என்பது 1942 இல் தன்னார்வலர்களிடம் செய்த சோதனையால் உறுதியானது. இன்று இந்தியாவில் இந்நோய் பீகார் முதலான கிழக்கு மாநிலங்களிலேயே பெரும்பாலும் காணப்படுகின்றது.