திக்கித் திக்கிப் பேசிய டாக்டர்... மனம் திறந்த ராணுவ வீரர்கள்!

பெரிய அதிர்ச்சியில் இருப்பவரிடம் நாம முதலில் சொல்வது, நடந்ததை மறந்துவிடு என்பதைத்தான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனா, அந்த அட்வைஸே சிலரை இன்னும் வாட்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே சக டாக்டர்களுக்கு எடுத்துச் சொன்னவர் வில்லியம் ரிவர்ஸ். நம்ம நீலகிரியில் தங்கியிருந்தவரும்கூட.

1864-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். அப்பா பாதிரியார், திக்குவாய்க்குப் பயிற்சி கொடுப்பவர். ஆனாலும், மகனுக்குக் கடைசிவரை திக்கல் போகவே இல்லை. 22 வயதில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

1901-ல் நீலகிரிக்கு வந்தவர், தோடர் மக்களோடு சில மாதங்கள் இருந்தார். மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பா யார், பாட்டி யார், எந்த மந்து என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டு, தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களின் கதையை எழுதினார். 1906-ல் அது புத்தகமானது.

1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. குண்டுவீச்சில் தப்பிய வீரர்கள் பலருக்குக் கை நடுங்கியது, பேச்சு நின்றது, ராத்திரி தூக்கம் போனது. ஷெல் ஷாக் என்று பெயர் வைத்தார்கள். கோழை என்று திட்டியவர்களும் உண்டு, கரன்ட் ஷாக் கொடுத்த டாக்டர்களும் உண்டு.

1915-ல் லிவர்பூல் அருகே மகல் ராணுவ மருத்துவமனையில் சேர்ந்தார் ரிவர்ஸ். ராணுவ டாக்டர்களுக்கு இந்த சிகிச்சையைக் கற்றுக்கொடுக்கும் இடமாகவும் அது பிறகு மாறியது. அடுத்த வருஷமே எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே ஓர் அதிகாரி. நண்பனின் உடல் சிதறிக் கிடந்ததைப் பார்த்தவர். மறக்க முயற்சி செய்யச் செய்ய, அதே காட்சி கனவில் வந்து மிரட்டியது. ரிவர்ஸ் மறக்கச் சொல்லவில்லை. உடல் அப்படிச் சிதறியிருந்தால் நண்பன் வலியே தெரியாமல் போயிருப்பான் என்று யோசிக்கவைத்தார். சில ராத்திரிகள் கனவே இல்லை. பிறகு வந்த கனவில், அவர் நண்பனிடம் மனசுவிட்டுப் பேசினார்.

எல்லாருக்கும் இது பலிக்கவில்லை. ஆறுதலாக நினைக்க எதுவுமே இல்லாத கொடூர அனுபவங்களும் இருந்தன. அதையும் மறைக்காமல் 1917-ல் டாக்டர்கள் முன் கட்டுரையாகவே வாசித்தார்.

அவரை உறுத்திய விஷயம் இன்னொன்று. குணமான வீரரை மறுபடி போர்முனைக்கு அனுப்புவதுதான் அவர் டியூட்டி. போரை எதிர்த்து அறிக்கை விட்டதால் அங்கே அனுப்பப்பட்ட கவிஞர் சீக்ஃபிரீட் சசூனும் கடைசியில் போருக்கே திரும்பினார். 1922-ல் தேர்தலில் நிற்கத் தயாரான ரிவர்ஸ், வாக்குப்பதிவுக்கு முன்பே, ஜூன் 4-ல் காலமானார். வயது 58.

இந்தக் கதை இப்போ நமக்கு எதுக்கு?

அதிகாரத்தில் இருப்பவர்கள் கூட்டமாக வந்து தாக்கினாலும் மனசு இதே மாதிரிதான் உடையும். 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் போலீஸும் நடத்திய ரெய்டில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலையில் வாழும் அதே மலையாளி பழங்குடியினர்தான் அவர்களும். உயிரோடிருந்த 215 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது 2011-ல். அந்த 19 வருஷ ராத்திரிகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

யாழ்ப்பாணத்தில் போர் நடந்தபோது மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் சக மருத்துவர்களும், ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் இந்த வேலையில் பயிற்சி கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி எட்டாத மலை ஊர்களுக்கும் அந்த வழி பொருந்தும். ஊர் நர்ஸ், டீச்சர், அங்கன்வாடி அக்கா என யாராவது ஒருவர் முறையாகப் பயிற்சி எடுத்திருந்தால் போதும், மறந்துவிடு என்ற வார்த்தைக்குப் பதிலா பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கிடைக்கும்.