பெருவைத்தியர் சுசுருதர்

அறுபட்ட மூக்கினை மீட்டமைக்கும் முறையை வகுத்த சுசுருதர் ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்டவர் என்பர். காசியில் திவோதாசரிடம் கற்றவர் என்று அவர் பெயரால் வழங்கும் சங்கிதை உரைக்கும்.

மூக்கரிதல் தண்டனையாயிருந்த நாட்டில், அவ்வடுவைச் சுமந்தோர் ஊரார்முன் நிமிர்ந்து நிற்றல் அரிது. சுசுருதரோ மூக்களவுக்கு இலையை நறுக்கி, அவ்வளவிற் கன்னத்துத் தோலைக் கீறி, அடி அறாவண்ணம் திருப்பித் தைக்கச் சொன்னார். மூச்சுக்கு இரு குழாய்களும் வைக்கச் செய்தார். அடி அறின் குருதி ஓடாது, தோல் மடியும்.

மாணாக்கர் உடனே மனிதர்மேற் கத்தி வைக்க அவர் இசைந்தாரல்லர். சுரைக்காயிலும் வெள்ளரியிலும் பழகிய பின்னரே நோயாளியை அணுகவேண்டும் என்றார்.

பிற்காலத்தில் நெற்றித்தோல்கொண்டு இந்தியாவில் நடைபெற்ற இச்சிகிச்சையை 1794இல் இலண்டன் இதழொன்று வெளியிட்டது. அதனைப் பின்பற்றிக் கார்ப்யூ என்பார் 1814இல் அங்கே மூக்கமைத்தார். 1981இல் அமெரிக்க வைத்தியர் பர்க்கும் அறிஞர் யானாசும், மாட்டுத்தோற் புரதம், சுறாக் குருத்தெலும்புச் சத்து, சிலிக்கோன் ஆகியவற்றாலான செயற்கைத்தோலைத் தீப்புண்ணுக்குப் பயன்படுத்தி வெளியிட்டனர். அதனுள்ளும் நோயாளியின் குருதிக்குழாய்கள் வளர்ந்தாலன்றிப் பயனில்லை.

அட்டன், நுவரெலியாத் தோட்ட லயங்களில் வெந்நீர் கவிழ்ந்து வெந்த குழந்தையை ஏந்தும் தாய் வேண்டுவது உயிரை மட்டுமன்று. அக்குழந்தையின் பழைய முகத்தையுமே. அதனை மீட்கும் கைகள் நம் மாணவரிடையே தோன்றுக என வாழ்த்துகின்றோம். சுரைக்காயிற் பழகும் பொறுமையே அதற்கு முதற்பாடம்.