சாவுப் பயம் தீர்த்த அய்யா

அய்யா துணை.

தென் திருவிதாங்கூரில், இன்றைய சாமிதோப்பில், பொன்னுமாடன் - வெயிலாள் தம்பதிக்கு 1809-இல் பிறந்தவர் முத்துக்குட்டி. இளவயதிலேயே தீராத நோய் அவரை வாட்டியது. தாயாரும் உறவினரும் அவரைத் திருச்செந்தூருக்குச் சுமந்து சென்றார்கள். கொல்லம் 1008 மாசியில் அவர் கடலுக்குள் சென்று மறைந்தார். இறந்துவிட்டார் என்றே ஊரார் எண்ணினார்கள். தாயார் மட்டும் கரையில் காத்திருந்தார். மூன்றாம் நாள் அவர் வைகுண்டராக எழுந்து வந்தார்.

அந்தக் காலத்தில் நோய் வந்தால் பேய்க்கு ஆடு, கோழி பலியிட்டு, மந்திரவாதிக்குப் பணம் கொடுத்து ஏழைகள் கடனாளி ஆவார்கள். அய்யாவோ தவசிருந்து, தண்ணீரும் மண்ணும் கொடுத்தே பிணி தீர்த்தார். பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்று தடுத்தார். பேய்ப் பயம் போனது. கூடவே சாவுப் பயமும் போனது.

அரசர் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தபோதும் அய்யா அஞ்சவில்லை. கொல்லம் 1026 வைகாசி 21-இல் (1851) வைகுண்டம் சென்றார். அவருடைய திருமேனியை எரிக்கவில்லை, அடக்கம் செய்தார்கள். அந்த இடமே சாமிதோப்புப் பதியின் பள்ளியறை.

அதனால்தான் அய்யாவழி மக்கள் இறந்தவரை எரிப்பதில்லை. நாமம் சாற்றி, வடக்கு நோக்கி, தவசிருப்பது போல உட்கார வைத்து அடக்கம் செய்கிறார்கள். அவர் அழிந்து போகவில்லை, தர்மயுகத்துக்காகக் காத்திருக்கிறார் என்பதே நம்பிக்கை. சாவு வீட்டில் கலங்கி நிற்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லி, அடக்கத்துக்குத் தோள் கொடுப்பது அன்புக்கொடி மக்களின் கடமை.

அய்யா உண்டு.