கப்பலோட்டிய தமிழரும் கடைக் கணக்கும்

துறைமுகத்தின் மடியிலே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். கப்பல் வருவதும் போவதும் எமக்குப் புதுமையன்று. கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டிலே திறக்கப்படும்வரை பாதையிலேறி அக்கரை சேர்ந்தவர்களும், மூதூருக்கு இலாஞ்சியிற் போய்வந்தவர்களும் எம் வீடுகள்தோறும் இருக்கின்றார்கள். எந்தப் படகில் ஏறலாம், எந்தக் கடையிற் சாமான் வாங்கலாம் என்று தேரும்போது விலையை மட்டுமா பார்க்கின்றோம்? ஆளையும் பார்க்கின்றோம். விற்பவனுக்கும் கொள்பவனுக்கும் இடையிலுள்ள இந்த உறவை நடுக்கடலிலே சோதித்துப் பார்த்த ஒரு பெருமகனாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரிலே எழுதப் புகுந்தோம். அவர்தாம் வ. உ. சிதம்பரம்பிள்ளை.

மிஷன் பாடசாலையிலே படித்த காலத்தில் கொலம்பசு சென்ற கப்பல்களின் பெயர்களை மனனஞ் செய்து ஒப்புவித்தோம். தூத்துக்குடியிலிருந்து எங்கள் கொழும்புக்கே வந்துபோன தமிழரின் கப்பல்களை நாம் அறிந்ததோ, 1961ஆம் ஆண்டில் வெளிவந்து சிவாஜி கணேசன் நடித்த படத்தின் வாயிலாகத்தான். படம் அவருடைய வீரத்தைக் காட்டிற்று. அவருடைய வணிகத்தையும் நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆந் திகதி திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒட்டப்பிடாரத்திலே உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையாரைப் போலவே சட்டம் பயின்று வக்கீலானார். ஏழைகளின் வழக்குகளைக் கூலி பெறாது நடத்தியமையால் அவரை நாடி வந்தோர் பலர். பின்னர் தூத்துக்குடியிற் குடியேறி, நெசவுச் சாலையும் சுதேசிப் பண்டசாலையும் நிறுவுவதில் முன்னின்றார். துறைமுகப் பட்டினத்தின் வாழ்வு கடலிலே தங்கியிருக்கிறது என்பதை அங்கேதான் அவர் கண்ணாரக் கண்டார்.

1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறக்கப்படுவதற்கு முன்னர், தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வருவோருக்குத் தூத்துக்குடி - கொழும்பு மார்க்கமே பெருவழியாய் இருந்தது. தோட்டத்துக்குக் கூலியாய் வந்த ஏழைகளும், அரிசியும் துணியும் கொண்டுவந்த வியாபாரிகளும் அவ்வழியே வந்தனர். அவ்வழியிலே கப்பல் நடத்தியது பிரித்தானியரின் பி. ஐ. கம்பெனி. அக்கம்பெனியிடத்தே தங்கள் குறையைச் சொல்லி நியாயம் பெறுவதற்கு ஏழைப் பிரயாணிக்கோ சிறு வியாபாரிக்கோ என்ன வழி இருந்தது?

இந்நிலையை மாற்றக் கருதியே 1906ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபா. அதனை இருபத்தைந்து ரூபாப் பங்குகள் 40,000 ஆகப் பிரித்தார்கள். மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், சிதம்பரனார் துணைக் காரியதரிசியாகவும் அமர்ந்தனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாவுக்கு, வாங்கி உதவினார். சைவரும் இஸ்லாமியரும் ஒரே கணக்கேட்டிலே பெயரெழுதிய காட்சி அது. இந்தியர், இலங்கையர் முதலான ஆசிய நாட்டவருக்குக் கப்பற்றொழிலைப் பழக்குவதும் கம்பெனியின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது.

இருபத்தைந்து ரூபா அந்நாளிலே சிறு தொகையன்று. எனினும் ஓரளவு வசதியுள்ள கடைக்காரர் ஒருவர் முயன்றால் ஒரு பங்கு வாங்கலாம். வாங்கியவர் தம் மூடைகளை ஏற்றும்போது தம் கப்பலிலேயே ஏற்றுகின்றார். கட்டணஞ் செலுத்தும்போது தம் கம்பெனிக்கே செலுத்துகின்றார். வாடிக்கைக்காரரைப் பங்காளியாக்கிய இவ்வேற்பாட்டிலேதான் சிதம்பரனாரின் வணிக நுட்பம் விளங்குகின்றது. பங்கு சேர்க்க அவர் ஊர் ஊராகச் சென்றார். தமது பெயரையே பிணையாக வைத்துப் பிறர் பணத்தைக் கேட்டார் எனலாம்.

தொடக்கத்திலே கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலுள்ள ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கப்பல்கள், போட்டியாளரின் நெருக்குதலால் திருப்பிக்கொள்ளப்பட்டன. சிதம்பரனார் சோர்ந்தாரல்லர். உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி, சரக்கு ஏற்றக் காத்திருந்த வியாபாரிகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். பின்பு சொந்தக் கப்பல் தேடிப் பம்பாய்க்குப் புறப்பட்டார். அவ்வேளையிலே வீட்டில் மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். கப்பலோடு திரும்புவேன், அன்றேல் கடலில் மாய்வேன் என்னும் உறுதியோடு அவர் சென்றாரென்று இன்றும் சொல்வார்கள். 1907ஆம் ஆண்டிலே கலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,300 பிரயாணிகளையும் 4,000 மூடைகளையும் ஏற்றவல்லது.

இதன்பின் மூண்டது கட்டணப் போர். பி. ஐ. கம்பெனி ஆளொன்றுக்கு ஒரு ரூபாவாகக் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கிற்று. பி. ஐ. கம்பெனியோ கட்டணமே வேண்டாம், ஏறுங்கள் என்றது. ஏறுவோருக்கு ஒரு குடையும் இனாமாகத் தந்தது!

குடையைக் கண்டு போனவர்களைப் பழிக்க எமக்கு மனம் வரவில்லை. நாளெல்லாம் வெயிலிலே பாடுபடும் ஏழைக்குக் குடை அற்பப் பொருளா? ஆனால் ஒன்றை ஆராய்தல் வேண்டும். இனாம் கொடுத்தவர்கள் என்றென்றும் கொடுக்கக் கருதினார்களா? மற்றக் கப்பல் கடலைவிட்டு மறைந்த மறுநாள் கட்டணத்தை விதிப்பவர் யார்? குடை கொடுத்தவருக்கு வேண்டியிருந்தது பிரயாணியன்று, போட்டியில்லாத கடல். இதனை அறிந்தே கைக்காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களும் இருந்தனர். அவர்கள் கொடுத்த எட்டணா, கூலி மட்டுமன்று. ஓர் உறவைக் காத்த விலையுமாகும்.

1908ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். ஊர் முழுவதும் உடன்நின்றது; தொழிலாளர் வென்றனர். மார்ச்சு 12ஆந் திகதி சிதம்பரனார் கைதானார். அவ்வாண்டு யூலையிலே இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டுகள், விதிக்கப்பட்டது; மேன்முறையீட்டிலே அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலே மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். வெளியிலே, அவரில்லாத கம்பெனி தளர்ந்து 1911ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது. கப்பல்களுள் ஒன்று போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. சிறையிலிருந்த அவருக்குச் செக்கைவிட இச்செய்தியே பாரமாயிருந்திருக்கும்.

கம்பெனி ஏன் வீழ்ந்தது? அரசின் அடக்குமுறையும் எதிரியின் பணபலமும் முதற் காரணங்கள். ஆயினும் எம் உள்ளத்தை உறுத்துவது இன்னொன்று. மக்களின் நம்பிக்கை ஒரு மனிதர்மேலேயே நின்றது. அம்மனிதரைச் சிறையிலிட்டதும், அந்நம்பிக்கையை ஏந்திக்கொள்ள வேறு கைகள் போதவில்லை. முதலாளி நல்லவராயிருந்தால் மட்டும் போதாது. அவர் இல்லாத நாளிலும் அதே நாணயம் கடையிலே இருத்தல் வேண்டும்.

1912ஆம் ஆண்டிலே விடுதலையானவர் வக்கீல் உரிமையை இழந்திருந்தார். சென்னையிலே அரிசியும் நெய்யும் விற்றுப் பிழைக்க முயன்றார். வறுமை விடவில்லை. பின்னாளில் வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதி உதவியதால் வக்கீல் உரிமை மீண்டது. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆட்சியோடு பகைத்தவர், தமக்கு நன்மை செய்த மனிதரோடு பகைத்தாரல்லர். திருக்குறளுக்கு உரை கண்டும், தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தும் தமிழுக்கும் தொண்டு புரிந்து, 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி தூத்துக்குடியிலே மறைந்தார்.

இறப்பதற்குமுன் அவர் எழுதிய உயிலை அன்பர்கள் கருத்தூன்றி நோக்குக. அதிலே பெருஞ் சொத்துக்களின் அட்டவணை இல்லை. துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தாம் கொடுக்கவேண்டிய பாக்கிகள் இருக்கின்றன! ஒருகாலத்திலே இலட்சக்கணக்கான ரூபாவுக்குப் பொறுப்பாயிருந்தவர், வாடிக்கைக்காரராகித் தாம் பட்ட சில்லறைக் கடன்களையும் மறவாது எழுதிவைத்தார். தம்மை நம்பிச் சாமான் கொடுத்த கடைக்காரர் நட்டப்படலாகாதென்பது அவர் எண்ணம். விற்பவராயிருந்தபோது எந்த நாணயத்தைக் கைக்கொண்டாரோ, அதே நாணயத்தைக் கொள்பவராயிருந்தபோதும் கைவிட்டிலர்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011ஆம் ஆண்டிலே அவர் பெயர் சூட்டப்பட்டது. எமது ஊரிலே அவருக்குச் செய்யத்தக்க மரியாதை வேறொன்றுண்டு. இன்று கடை திறக்கவும் தொழில் தொடங்கவும் முற்படும் இளைஞர் எம்மிடையே பலர். மலிவு விலை காட்டிக் கூட்டஞ் சேர்ப்பது எளிது. அதனினும் மலிவாக இன்னொருவர் விற்கும் நாளிலே அக்கூட்டம் அங்கே போகும். நிறையைக் குறையாது நிறுத்துக் கொடுங்கள். சொன்ன நாளிலே சொன்னதைச் செய்யுங்கள். குறை சொல்ல வருபவரை இருத்திக் கேளுங்கள். கொள்பவர்களாகிய நாமும், கடன் கொப்பியிலே எம் பெயருக்கு எதிரேயுள்ள தொகையைத் தவணை தப்பாது தீர்ப்போம். பணமுள்ள காலத்திலே பெருங்கடைக்கும் பணமில்லாத காலத்திலே மூலைக்கடைக்கும் போகும் வழக்கத்தை ஒழிப்போம். சிதம்பரனாரின் பெயரைச் சொல்லும் உரிமை அப்போதுதான் எமக்கு உண்டாகும்.