நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்: ஊர் வரலாற்றைக் காத்த குருவானவர்

யூபிலி விழா மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் பட்டியலும், நன்கொடையாளரின் பெயர்களும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு ஒரு பெரியவரின் வாழ்க்கையையும் நம் பங்கு மக்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் நம் ஒடுகத்தூர்ப் பகுதியில் பிறந்தவர் அல்லர். நம் மறைமாவட்டத்தில் பணியாற்றியவரும் அல்லர். கடல் கடந்த யாழ்ப்பாணத்தில் பங்குப் பணியோடு ஊர் வரலாற்றுப் பணியையும் சேர்த்துச் செய்தவர். அவரே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

இலங்கை நமக்கு அந்நியமான நாடு அன்று. கண்டி அரசின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தான். பாலாற்றங்கரையிலுள்ள முத்துமண்டபம் அவன் நினைவாக நிற்கிறது. போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர் மேல்மொணவூரில் நம் அயலவராக வாழ்கின்றனர். ஆகவே சுவாமிகளின் வாழ்வு நமக்கு ஓர் உறவினரின் கதையே.

அவர் 1875ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் சாமிநாதபிள்ளை, தங்கமுத்து அம்மையார். பிள்ளைக்கு இட்ட பெயர் வைத்திலிங்கம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கரை மறுமணம் செய்துகொண்டார். திருமுழுக்குப் பெற்ற சிறுவன் ஞானப்பிரகாசம் ஆனான். தம்பிமுத்துப்பிள்ளை நூல் எழுதுபவர்; அச்சுக்கூடமும் வைத்திருந்தவர். ஏட்டின் மணமும் அச்சு மையின் மணமும் கலந்த வீட்டில் அவர் வளர்ந்தார் என்று சொல்லலாம்.

படிப்பு முடிந்ததும் இலங்கை இரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. அக்காலத்தில் அது ஊரே மதிக்கும் வேலை. ஆயினும் இறையழைத்தலைக் கேட்டு அதை உதறிவிட்டு, 1895இல் குருமடத்தில் சேர்ந்தார். அமலமரித் தியாகிகள் சபையினராக 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் குருப்பட்டம் பெற்றார். பின்னர் நல்லூர் அவருடைய பணித்தளமாயிற்று. அந்த ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நல்லூர் இன்று யாழ்ப்பாண நகரின் ஒரு பகுதி. ஒரு காலத்தில் அது தமிழ் அரசர்களின் தலைநகர். 1619இல் போர்த்துக்கேயர் அந்த அரசை வீழ்த்தினர். பிறகு ஆட்சிப் பீடம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. நல்லூர் தன் சிறப்பை இழந்தது. யமுனா ஏரி, சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை என்று மக்கள் காட்டும் சில இடங்களே எஞ்சின. சுவாமிகள் நோயாளிகளைச் சந்திக்கவும், மறைக்கல்வி போதிக்கவும், சிற்றாலயங்கள் எழுப்பவும் நடந்த தெருக்கள் இவைதாம். அத்தெருக்களின் பழமையைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. ஏடுகளைத் தேடினார், கல்வெட்டுகளை ஆராய்ந்தார், பல மொழிகளைக் கற்றார்.

யாழ்ப்பாண வரலாற்றுக்கு அன்று மக்கள் நம்பியிருந்த நூல் யாழ்ப்பாண வைபவமாலை. ஒல்லாந்தர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் பழைய பாடல்களையும் ஏடுகளையும் கொண்டு இயற்றியது. அருமையான நூல்தான். ஆனால் அதில் காலமும் ஆளும் கலந்து கிடந்தன. 1544ஆம் ஆண்டில் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவனும் சங்கிலி. 1619இல் போர்த்துக்கேயரிடம் அரசை இழந்தவனும் சங்கிலி. இரண்டுக்கும் நடுவே 75 ஆண்டுகள்! வைபவமாலையோ இருவரையும் ஒருவராக்கிவிட்டது. குவைரோஸ் என்ற இயேசு சபைக் குரு 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேய மொழியில் எழுதிய வரலாறு போன்ற சான்றுகளை உள்ளூர் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெளிவாகும். சுவாமிகள் கையாண்ட வழி அதுவே. போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாண அரசர்களைப் பற்றி 1920இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்ற தமிழ் நூலைத் தந்தார்.

ஊர்க்கதை பொய் என்று அவர் அதைத் தூக்கி எறியவில்லை. கேட்டதையெல்லாம் அப்படியே நம்பவும் இல்லை. ஊரார் சொன்னதைப் பொறுமையோடு கேட்டு, வேறு சான்றோடு உரைத்துப் பார்த்து, நிற்பதை வைத்துக்கொண்டார். வலிகாமம், கொடிகாமம் போன்ற ஊர்ப் பெயர்களை ஆராய்ந்தபோது, அவற்றில் சிங்களச் சொற்கள் கலந்திருப்பதை ஒளிக்காமல் எழுதினார். தம் இனத்தாருக்கு இது இனிக்குமா கசக்குமா என்று அவர் பார்க்கவில்லை. 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிப் பெருநூல் எழுதிய முதலியார் இராசநாயகமும் அவரும் பல இடங்களில் கருத்து வேறுபட்டனர். இருவருடைய உழைப்பாலும் வரலாறு வளம் பெற்றது.

திருச்சபையின் வரலாற்றையும் அவர் மறக்கவில்லை. இலங்கையில் கத்தோலிக்கத் திருச்சபை வேரூன்றிய முதல் நூறாண்டு பற்றிய அவர் நூல் 1924இல் வெளிவந்தது. 1893 முதல் 1918 வரையிலான யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் 25 ஆண்டுகளைப் பற்றியும் தனியே ஒரு நூல் எழுதினார். கால் நூற்றாண்டு என்பது பலருக்கு நேற்றுப் போலத் தோன்றும். நேற்று நடந்தது நாளைக்கு மறந்துபோகும் என்பதை அறிந்தவர் அவர். ஆகவே சாட்சிகள் உயிரோடிருக்கும்போதே எழுதி வைத்தார்.

முதுமையில் அவர் தொட்டது இன்னும் பெரிய வேலை. தமிழ்ச் சொற்களின் வேர்களை மற்ற மொழிகளோடு ஒப்பிடும் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியை 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அதை முடிக்க ஆயுள் போதவில்லை. 1947ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், தம் 71ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்து 34 ஆண்டுகளுக்குப் பின், 1981ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஆனால் சுவாமிகள் ஆராய்ந்து அச்சேற்றியவை பல ஊர்களில், பல கைகளில் இருந்தன. அவை இன்றும் வாழ்கின்றன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது ஒரு நெருப்புக்குத் தாங்காது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நம் பக்கத்து ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் உண்டு. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரரின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் நமக்குக் கிடைத்திருக்கிறது. எப்படி? யாரோ ஒருவர் அதைக் கல்லில் பொறித்து வைத்தார். நம் பாட்டன் பாட்டியர் பெயரை நாம் எதில் பொறித்திருக்கிறோம்? தோல் பதனிடும் தொட்டிகளில் நின்று உழைத்தவர்கள், ஷூ கம்பெனிகளில் தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார், மலையடிவாரக் கிராமங்களுக்கு நடந்து சென்று செபம் சொல்லிக்கொடுத்த உபதேசிமார் ஆகியோர் வரலாற்றில் இடம்பெறத் தகாதவர்களா?

1952இல் வேலூர் மறைமாவட்டம் உருவானதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் சொல்லக் கேட்டு எழுதும் காலம் குறுகிவருகிறது. எனவே இந்த யூபிலி ஆண்டில் பங்கு மக்களிடம் நாம் கேட்பது மூன்று. வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களைப் பங்கு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். படத்தில் இருப்பவர் பெயரையும் ஆண்டையும் பின்புறத்தில் எழுதி வையுங்கள். இளைஞர்கள் ஒவ்வொரு அன்பியத்திலும் முதியோரைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைத் தேதியோடு குறித்துவரட்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடும் கோவில் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சுவாமி ஞானப்பிரகாசர் தம் நல்லூருக்குச் செய்தது இதுவே. நாம் நம் ஊருக்குச் செய்யத் தடை ஏதும் இல்லை.